உங்கள் போன் காரோடு பேசுகிறதா... எவ்வளவு பேசுகிறது?

மதுரையில் ஒரு கல்யாணம். சென்னையிலிருந்து குடும்பத்தோடு கிளம்பினோம். தம்பி புதிதாக வாங்கியிருந்த பழைய கார். 2017 மாடல். டேஷ்போர்டின் நடுவில் பளபளவென்று ஒரு டச் ஸ்கிரீன். புரோக்கர் கார் சாவியைக் கொடுக்கும் முன்பே பெருமையாகச் சொன்ன விஷயம் அதுதானாம். “ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்பிளே ரெண்டும் இருக்கு சார்!”

செங்கல்பட்டு தாண்டும் வரை பிரச்னை இல்லை. மேல்மருவத்தூரை நெருங்கும்போது, மேப்பைப் பெரிய ஸ்கிரீனில் பார்க்கவேண்டும் என்று தம்பிக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு கையில் ஸ்டீயரிங், இன்னொரு கையில் கேபிள். போனில் செருகினான். சார்ஜ் ஏறியது, ஸ்கிரீன் அசையவில்லை. கழற்றி, வாயால் ஊதி, மறுபடியும் செருகினான். அப்போதும் இல்லை. பின்சீட்டிலிருந்து அம்மா, “டேய், ரோட்டைப் பாருடா. மேப் எங்கேயும் ஓடிப்போயிடாது” என்று சொல்லி முடிப்பதற்குள் முன்னால் போன லாரி பிரேக் போட்டது. எங்கள் கார் நின்றபோது, லாரியின் பின்பக்கம் எழுதியிருந்த நம்பர் பிளேட்டைக் கண்ணாடி இல்லாமலேயே என்னால் படிக்க முடிந்தது. அதற்குப் பிறகு விக்கிரவாண்டி டோல்கேட் வரை யாரும் பேசவில்லை.

டோல்கேட் தாண்டி டீக்குடிக்க நிறுத்தினோம். பத்தாவது படிக்கும் தம்பி மகள் கேபிளை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “அப்பா, இது பவர் பேங்க்கோட வந்த கேபிள். சார்ஜ் மட்டும்தான் ஏறும். டேட்டா போகாது” என்றாள். தன் பையிலிருந்த கேபிளைச் செருகினாள். இரண்டு நொடியில் மேப் வந்துவிட்டது.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். அவள் சும்மா இருக்காமல் காரிலேயே இருந்த பழைய நேவிகேஷனைத் திறந்து, வீடு படம் போட்ட பட்டனை அழுத்தினாள். திரை எங்களுக்குக் கோயம்புத்தூருக்கு வழி காட்டியது. கதவு எண்ணோடு ஒரு வீட்டு முகவரி. அதற்குக் கீழே ‘சமீபத்தில் சென்ற இடங்கள்’ என்று ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஆஸ்பத்திரி, ஒரு வங்கிக் கிளை. ப்ளூடூத் பட்டியலில் நான்கு பேரின் போன்கள், அவரவர் பெயரோடு. நாங்கள் முகம்கூடப் பார்த்திராத ஒரு குடும்பம் எங்கே குடியிருக்கிறது, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், யாருக்கோ எங்கே வைத்தியம் நடக்கிறது என்பதெல்லாம் அந்தத் திரையில் இருந்தது.

பேசவேண்டிய நேரத்தில் போனும் காரும் பேசிக்கொள்வதில்லை. பேசிவிட்டாலோ, கார் எதையும் மறப்பதில்லை. இரண்டையும் ஏன், எப்படி என்று தெரிந்து வைத்துக்கொண்டால் நல்லது.

டி.வி-யும் செட்டாப் பாக்ஸும்

காரில் பாட்டு என்றால் முதலில் கேசட், பிறகு சி.டி., பிறகு பென் டிரைவ். போன் வந்த பிறகு ப்ளூடூத். 2007-ல் ஃபோர்டு நிறுவனம் மைக்ரோசாஃப்ட்டோடு சேர்ந்து ‘சிங்க்’ என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. குரலால் போன் பேசலாம், பாட்டு மாற்றலாம். அப்போதெல்லாம் மூளை காருக்குள்தான் இருந்தது. போன் வெறும் விருந்தாளி.

2014 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் ஷோவில் ஆப்பிள் ‘கார்பிளே’யைக் காட்டியது. அதே வருடம் ஜூனில் கூகுள் ‘ஆண்ட்ராய்டு ஆட்டோ’வை அறிவித்தது. அடுத்த வருடம் அது கார்களுக்கு வந்தது. இந்த இரண்டும் செய்த பெரிய மாற்றம், மூளையை காரிலிருந்து எடுத்துப் போனுக்குக் கொடுத்ததுதான்.

வீட்டு டி.வி-யை நினைத்துக்கொள்ளுங்கள். சேனல் எல்லாம் செட்டாப் பாக்ஸிலிருந்து வருகிறது. டி.வி. வெறுமனே காட்டுகிறது. ஆண்ட்ராய்டு ஆட்டோவிலும் கார்பிளேயிலும் உங்கள் போன்தான் செட்டாப் பாக்ஸ். மேப், பாட்டு, மெசேஜ் எல்லாவற்றையும் போனே படமாக வரைந்து, வீடியோ போல காரின் திரைக்கு அனுப்புகிறது. நீங்கள் திரையில் எங்கே தொட்டீர்கள் என்பது போன்ற தகவல்களைக் கார் திருப்பி அனுப்புகிறது.

இதை ஒரு சின்ன சோதனையில் நேரில் பார்க்கலாம். போனில் பெயர்களைத் தமிழில் சேமித்திருக்கிறீர்களா? பழைய கார் ஸ்டீரியோக்கள் பலவற்றில் ப்ளூடூத் வழியாகப் பார்த்தால் ‘அம்மா’வுக்குப் பதில் நாலு கட்டங்கள் தெரியும். அந்தப் பெட்டிக்குள் தமிழ் எழுத்துரு கிடையாது. அதே காரில் ஆண்ட்ராய்டு ஆட்டோவை ஓடவிட்டால் ‘அம்மா’ அழகாக வந்து நிற்பார். எழுதுவது போன் அல்லவா!

இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். மேப் திக்கித் திணறினால் சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டாம். திணறுவது பெரும்பாலும் போன். வால்பாறை மலையில் ஏறும்போது மேப் வெள்ளையாகிப் போனால் அதுவும் போனின் சிக்னல்தான். கிளம்புவதற்கு முன் வீட்டு வைஃபையில் அந்த ஏரியாவின் மேப்பை கூகுள் மேப்ஸில் ஆஃப்லைனாக இறக்கிக்கொண்டால் வழி கிடைக்கும்.

மூளை போனில் இருப்பதில் ஒரு பெரிய நன்மை உண்டு. ஃபோர்டு நிறுவனம் 2021-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து, அடுத்த வருடம் மறைமலைநகர் ஆலையில் உற்பத்தியை முடித்துக்கொண்டது. ஆனால், 2017 கடைசியில் வந்த ஈகோஸ்போர்ட்டில் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்பிளேயும் இருந்தன. அந்த காரை வைத்திருப்பவருக்கு மேப்பில் புது ஃப்ளை ஓவர் தெரிவதற்கு ஆலை தேவையில்லை. போனில் மேப் அப்டேட் ஆனால் போதும். தம்பியின் காரில் உள்ளேயே இருந்த நேவிகேஷனுக்கு அந்த பாக்கியம் இல்லை. வாங்கிய வருடத்துச் சாலைகளோடு அது உறைந்துபோயிருந்தது.

கார் 15 வருடம்... போன் 4 வருடம்

நம் வீடுகளில் ஒரு காரைப் பத்து, பதினைந்து வருடம் வைத்து ஓட்டுகிறோம். போன் நான்கு வருடம் தாண்டினாலே பேட்டரி உப்பிக்கொள்கிறது. ஒரு காரின் ஆயுளுக்குள் அந்தத் திரை மூன்று, நான்கு போன்களைப் பார்த்துவிடும். சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

‘மிரர்லிங்க்’ என்ற பெயரைப் பத்து வருடத்துக்கு முன்பு கார் வாங்கியவர்கள் பிரவுச்சரில் பார்த்திருப்பார்கள். கார் கம்பெனிகளும் போன் கம்பெனிகளும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழி அது. காகிதத்தில் பிரமாதமான யோசனை. ஆனால், ஆப்பிள் ஒரு பக்கம், கூகுள் ஒரு பக்கம் என்று ஊர் இரண்டான பிறகு அதைப் பேச ஆள் இல்லை. 2020 ஜூனோடு சாம்சங்கும் தன் போன்களில் மிரர்லிங்க்கை நிறுத்திக்கொண்டது. அந்த வசதிக்காகவே கூடுதல் விலை கொடுத்து டாப் மாடல் வாங்கியவர்களின் திரையில் அந்த ஐகான் மட்டும் இன்னும் இருக்கிறது, யாரும் குடியிருக்காத வீட்டின் பெயர்ப்பலகை மாதிரி.

ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வந்த புதிதில் ஆண்ட்ராய்டு 5 இருந்தாலே போதும் என்றது. இப்போது அந்தக் காலத்துப் போன்கள் வாசலோடு நிற்கவேண்டியதுதான். ஆண்ட்ராய்டு 10-ல் இருந்து ஆண்ட்ராய்டு ஆட்டோ போனுக்குள்ளேயே வருகிறது. ப்ளே ஸ்டோரில் தேடி, ஐகான் காணவில்லையே என்று பதற வேண்டாம். செட்டிங்ஸில் தேடினால் கிடைக்கும். அப்பாவுக்கு நம் பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கும் வழக்கம் உள்ள வீடுகளில், ‘உன் போன் வேலை செய்யுது, என் போன் செய்யலை’ என்ற புகார் வருவதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

ஐபோன்காரர்களுக்கு வேறு தலைவலி. 2023-ல் வந்த ஐபோன் 15-ல் இருந்து லைட்னிங் கேபிள் போய், டைப் சி வந்துவிட்டது. காரில் இருப்பதோ பழைய அகலமான யூ.எஸ்.பி. வாய். ஒரு முனை அகலம், மறுமுனை டைப் சி, நடுவில் டேட்டா போகும் தரம் என்று மூன்றும் சேர்ந்த கேபிள் தேவை.

எதற்கும் முன்னால் கேபிளை மாற்றிப் பாருங்கள்

யூ.எஸ்.பி. கேபிளுக்குள் சார்ஜுக்கு வேறு கம்பி, டேட்டாவுக்கு வேறு கம்பி. விலை குறைந்த கேபிள்களில், பவர் பேங்க், ஹெட்போன், டிரிம்மரோடு வரும் கேபிள்களில் பல நேரம் டேட்டா கம்பியே இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வீட்டில் அந்தக் கேபிளால் போனை லேப்டாப்பில் இணைத்துப் பாருங்கள். போட்டோக்கள் தெரிந்தால் அது டேட்டா கேபிள். நீளம் ஒரு மீட்டருக்குள் இருப்பது நல்லது. பின்சீட்டு வரை நீளும் இரண்டு மீட்டர் கேபிளில் மேப் வந்து வந்து அறுந்துபோகும். குழியில் கார் இறங்கும்போதெல்லாம் அறுந்தால் கேபிளின் முனை தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து, காரின் வாய். பல கார்களில் இரண்டு, மூன்று யூ.எஸ்.பி. இடங்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலும் ஒன்றுதான் திரையோடு பேசும். மற்றவை சார்ஜுக்கு மட்டும். பக்கத்தில் போன் படமோ, யூ.எஸ்.பி. திரிசூலக் குறியோ போட்டிருப்பதில் செருகுங்கள். மின்னல் குறி மட்டும் இருந்தால் அது சார்ஜுக்கானது.

பிறகு, போனின் வாய். சட்டைப் பையிலும் கைப்பையிலும் கிடந்து அதற்குள் பஞ்சு சேர்ந்து கெட்டியாகியிருக்கும். போனை ஆஃப் செய்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாக வழித்தால் வரும். குண்டூசி கூடாது. எனக்குத் தெரிந்த ஒருவர் திரையையே மாற்றப் போய், கடைசியில் போனுக்குள்ளிருந்து உளுந்து அளவுக்குப் பஞ்சு எடுத்தார்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வரவில்லையா? ஆண்ட்ராய்டில் கேபிளைச் செருகியதும் மேலே வரும் அறிவிப்பில் ‘சார்ஜ் மட்டும்’ என்று இருந்தால் ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என மாற்றுங்கள். பேட்டரி மிச்சப்படுத்தும் வசதி ஆன் செய்திருந்தால் சில போன்கள் ஆண்ட்ராய்டு ஆட்டோவை நடுவழியில் தூங்கவைத்துவிடும். பேட்டரி செட்டிங்ஸில் அதற்கு விலக்குக் கொடுங்கள். வி.பி.என். ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துப் பாருங்கள். ஐபோனில் ‘சிரி’ அணைந்திருந்தால் கார்பிளே வராது. பிள்ளைகளுக்காக ஸ்கிரீன் டைமில் போட்ட தடையில் கார்பிளேயும் மாட்டியிருக்கலாம். கடைசி வழி, காரின் பட்டியலிலிருந்து போனையும், போனின் பட்டியலிலிருந்து காரையும் நீக்கிவிட்டுப் புதிதாக அறிமுகம் செய்வது. ஒரு பக்கம் மட்டும் நீக்கினால் போதாது. இரண்டு பக்கமும் நீக்கவேண்டும்.

இதையெல்லாம் கார் நிற்கும்போது, வீட்டு வாசலில் செய்யவேண்டும். மேல்மருவத்தூரில் அல்ல.

வயர் இல்லாமல் வேண்டுமா?

கேபிளே வேண்டாம் என்பவர்களுக்கு வயர்லெஸ். இதில் ப்ளூடூத் வேலை, போனையும் காரையும் அறிமுகப்படுத்தி வைப்பதோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. படம் போவது வைஃபையில், அதுவும் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில். பொதுவாக ஆண்ட்ராய்டு 11-ம் அதற்கு மேலும் இருக்கவேண்டும். பத்தாயிரம் ரூபாய்க்குள் வரும் போன்கள் சிலவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே உண்டு. அந்தப் போனுக்கு வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோ எட்டாது. போன் வாங்கும்போது கேமரா மெகாபிக்ஸலோடு இதையும் ஒரு வரி பார்த்துக்கொள்ளலாம்.

வயர்லெஸ்ஸின் எதிரி நம் ஊர் வெயில். போன் ஒரே சமயத்தில் ஜி.பி.எஸ். பார்க்கிறது, டேட்டா இழுக்கிறது, படம் வரைந்து வைஃபையில் அனுப்புகிறது. கூடவே வயர்லெஸ் சார்ஜர் தட்டில் வேறு வைத்துவிட்டால் கை வைக்க முடியாத சூடு. சித்திரை மாதத்தில் விருதுநகர் தாண்டும்போது போன் தானாகவே சார்ஜை நிறுத்தி, திரையை மங்கவைத்து, ‘என்னை விட்டுவிடு’ என்று சொல்லும். நெடும்பயணத்துக்கு நான் இன்னமும் கேபிள் கட்சி. பக்கத்துக் கடைக்குப் போய்வர வயர்லெஸ் சுகம்தான்.

இன்னொரு குடும்பச் சிக்கலும் உண்டு. கணவன், மனைவி இருவர் போனும் காருக்குப் பழக்கம் என்றால், கதவைத் திறந்ததும் யார் போன் முதலில் ஒட்டிக்கொள்ளும் என்பது அதிர்ஷ்டம். கணவர் ஓட்ட, மனைவியின் போன் இணைந்துவிட, மாமியார் பின்சீட்டில் இருக்க, மனைவியின் தங்கை அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜைக் கார் சத்தமாகப் படித்துக் காட்டிய ஒரு சம்பவம் எங்கள் உறவில் நடந்தது. மெசேஜின் உள்ளடக்கம் இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். காரின் ப்ளூடூத் செட்டிங்ஸில் எந்தப் போனுக்கு முன்னுரிமை என்று குறிப்பிடும் வசதி பல கார்களில் இருக்கிறது. மெசேஜ் அறிவிப்புகளை ஆண்ட்ராய்டு ஆட்டோ செட்டிங்ஸில் மௌனமாக்கவும் முடியும். குடும்ப அமைதிக்கு நல்லது.

இரண்டு நொடி, 44 மீட்டர்

காரின் திரையில் மேப் இருந்தால் கையில் போன் எடுக்க வேண்டாம், அதனால் பாதுகாப்பு என்று சொல்வார்கள். பாதி உண்மை. அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. அமைப்பின் அறக்கட்டளை 2018-ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. காரில் கம்பெனி வைத்த அமைப்பைவிட, ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே வழியாகப் போன் கால் செய்வது சுமார் 5 நொடியும், போகவேண்டிய இடத்தைப் பதிவது சுமார் 15 நொடியும் சீக்கிரம் முடிந்தது என்றது அது.

சந்தோஷப்படுவதற்குள் இன்னொன்றையும் படித்துவிடுங்கள். 2020-ல் பிரிட்டனில் ஐ.ஏ.எம். ரோடுஸ்மார்ட் அமைப்புக்காக டி.ஆர்.எல். என்ற ஆய்வு நிறுவனம் டிரைவர்களை சிமுலேட்டரில் உட்காரவைத்துச் சோதித்தது. ஆண்ட்ராய்டு ஆட்டோவை விரலால் தொட்டு இயக்கியபோது, ஆபத்தைக் கண்டு சுதாரிக்க எடுத்துக்கொண்ட நேரம் 53 சதவிகிதம் கூடியது. கார்பிளேயில் 57 சதவிகிதம். போனைக் கையில் பிடித்துப் பேசுவதற்கு 46 சதவிகிதம்தான்! குரலால் இயக்கியபோது 30, 36 என்று இறங்கியது. குறைவுதான், ஆனால் பூஜ்ஜியம் இல்லை.

இரண்டு ஆய்வும் ஒன்றை ஒன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கம்பெனித் திரையைவிட இது பரவாயில்லை. ஆனால், ஓடும் காரில் எந்தத் திரையைத் தொட்டாலும் தொட்டதுதான். 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. பாட்டு மாற்றக் குனியும் இரண்டு நொடியில் 44 மீட்டர். அன்றைக்கு எங்களுக்கும் லாரிக்கும் நடுவில் எவ்வளவு இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

சட்டமும் இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவின்படி, ஓட்டும்போது கையில் போன் பயன்படுத்துவது ஆபத்தான முறையில் வாகனம் ஓட்டும் குற்றத்தில் சேரும். முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. 2020 அக்டோபர் 1 முதல் வந்த விதித்திருத்தம், வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில், பயன்படுத்தலாம் என்று சலுகை கொடுத்தது. ரீல்ஸுக்கு அல்ல.

எனவே போகும் இடத்தைக் கிளம்பும் முன் பதிந்துவிடுங்கள். நடுவில் மாற்றவேண்டும் என்றால் ஸ்டீயரிங்கில் இருக்கும் குரல் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். போனின் உதவியாளர் விழித்துக்கொள்வார். நம் பெயர்களையும் ஊர்களையும் அவர் சில சமயம் கொலை செய்வார். அப்போது பக்கத்துச் சீட்டில் இருப்பவரிடம் போனைக் கொடுத்துவிடுவதே உத்தமம்.

பழைய காருக்குப் புதுத் திரை

திரையே இல்லாத பழைய காரில் வெளியிலிருந்து வாங்கி மாட்டலாம். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போனால் காலையில் விட்டு மாலையில் எடுத்துவரலாம். இரண்டு எச்சரிக்கைகள். விலை குறைந்த, பெயர் தெரியாத பெட்டிகளில் எழுதியிருக்கும் ஆண்ட்ராய்டு பதிப்பையும் ரேம் அளவையும் அப்படியே நம்பாதீர்கள். மென்பொருளில் பொய் எண் காட்டவைப்பது அந்தத் தொழிலில் பழைய வித்தை. உங்கள் போனைக் கொண்டுபோய், கடையிலேயே இணைத்து, பத்து நிமிடம் மேப்பை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். இரண்டாவது, காரின் வயரை வெட்டி முறுக்காமல், அந்த மாடலுக்கான கப்ளர் போட்டு மாட்டச் சொல்லுங்கள். வயரை வெட்டினால் வாரன்டி கேள்விக்குறி, பின்னால் ஷார்ட் சர்க்யூட் பயம் வேறு.

கார் ஓடும்போதும் வீடியோ ஓடுகிற மாதிரி ஹேண்ட்பிரேக் வயரை ஏமாற்றி மாட்டித்தரவா என்று சில கடைகளில் அன்போடு கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேபிளில் மட்டும் வேலைசெய்யும் காரை வயர்லெஸ் ஆக்கும் சின்ன அடாப்டர்களும் கிடைக்கின்றன. காரில் ஏற்கெனவே கேபிள் வழி ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்பிளேயோ இருந்தால்தான் அவை வேலைசெய்யும். ஒன்றுமே இல்லாத காரில் இதைச் செருகினால் எதுவும் நடக்காது.

கதவைச் சாத்தும் கம்பெனிகள்

உலகம் முழுக்க எல்லா கார் கம்பெனிகளும் இந்த ஏற்பாட்டை விரும்புவதில்லை. வாடிக்கையாளர் தன் திரையில் கூகுளையும் ஆப்பிளையும் பார்த்துக்கொண்டிருந்தால் தனக்கென்ன லாபம் என்ற கணக்கு. பி.எம்.டபிள்யூ. கார்பிளேக்கு அமெரிக்காவில் வருடத்துக்கு 80 டாலர் சந்தா கேட்டது. எதிர்ப்பு வலுத்ததும் 2019 டிசம்பரில் கைவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 2023-ல், இனி தன் புதிய எலெக்ட்ரிக் கார்களில் இரண்டுமே இருக்காது, சொந்த அமைப்புதான் என்று அறிவித்தது. 2025 ஜூலையில் மும்பையில் முதல் ஷோரூம் திறந்த டெஸ்லா, ஆரம்பத்திலிருந்தே சொந்தத் திரையோடுதான் கார் விற்றுவந்திருக்கிறது.

இது அமெரிக்கா சமாசாரம் என்று விட்டுவிடாதீர்கள். காருக்குள்ளேயே சிம் வைத்து, ‘கனெக்டட் கார்’ என்று விற்பது இங்கேயும் வந்துவிட்டது. முதல் சில வருடங்கள் இலவசம், பிறகு சந்தா. புது கார் புக் செய்யும்போது சேல்ஸ்மேனிடம் கேட்கவேண்டியவை: ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே நான் வாங்கும் இந்த வேரியன்ட்டில் இருக்கிறதா, கேபிளா வயர்லெஸ்ஸா, இலவசக் காலம் முடிந்ததும் எதெல்லாம் நிற்கும்? டெஸ்ட் டிரைவுக்கு வீட்டில் இருக்கும் எல்லா போன்களையும் எடுத்துப்போங்கள். அப்பாவின் பழைய போன் உட்பட.

விற்கும் முன் அழித்துவிடுங்கள்

இப்போது கோயம்புத்தூர் வீட்டுக்கு வருகிறேன். ப்ளூடூத்தில் முதல்முறை இணைக்கும்போது போன் ஒரு கேள்வி கேட்கும்: ‘தொடர்புகளையும் கால் விவரங்களையும் பகிரலாமா?’ அவசரத்தில் எல்லோரும் ‘சரி’ என்று தட்டுகிறோம். பல கார்கள் அந்தப் பட்டியலைத் தன் நினைவில் பிரதி எடுத்துக்கொள்கின்றன. காரிலேயே இருக்கும் நேவிகேஷனில் பதிந்த முகவரிகளும் அங்கேயே தங்கும். கார் கைமாறும்போது ஆர்.சி., இன்ஷூரன்ஸ், ஃபாஸ்டேக் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. திரை ஞாபகம் வருவதில்லை.

காரின் செட்டிங்ஸில் ‘ஃபேக்டரி ரீசெட்’ இருக்கும். விற்கும் முன், சாவியைக் கொடுப்பதற்குச் சற்று முன்பு, அதைச் செய்யுங்கள். கனெக்டட் கார் என்றால் அதோடு முடியாது. உங்கள் போனில் உள்ள கம்பெனி ஆப்பிலிருந்தும் காரை நீக்கவேண்டும். பழைய கார் வாங்குபவர்களுக்கு இதுதான் மிக முக்கியம். பழைய ஓனரின் ஆப்பில் கார் நீக்கப்படாமல் இருந்தால், அது எங்கே நிற்கிறது என்பதை அவர் போனில் பார்க்க முடியும். சில மாடல்களில் கதவைத் திறக்கவும் முடியும். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் போனைத் திருடியவன் நல்லவனாக இருக்கவேண்டுமே! எனவே ஓனர் பெயரை ஆப்பில் மாற்றித்தரச் சொல்லி டீலரிடம் கேட்டு வாங்குங்கள்.

வாடகை காரில் ஏறினால் யூ.எஸ்.பி-யில் செருகாமல், சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டும் சார்ஜரில் போடுங்கள். அதில் கரன்ட் மட்டும்தான் வரும். பாட்டுக்காக ப்ளூடூத் இணைத்தே ஆகவேண்டும் என்றால், தொடர்புகளைப் பகிரும் கேள்விக்கு ‘வேண்டாம்’ சொல்லுங்கள். பாட்டு அப்போதும் கேட்கும். இறங்கும்போது காரின் பட்டியலிலிருந்து உங்கள் போனை நீக்கிவிடுங்கள்.

கல்யாண மண்டபத்தின் பார்க்கிங்கில் தம்பியும் மகளும் அரைமணி நேரம் காருக்குள் உட்கார்ந்திருந்தார்கள். புரோக்கருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, பழைய ஓனரின் ஆப் கணக்கு ஏதும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஃபேக்டரி ரீசெட் கொடுத்தார்கள். கோயம்புத்தூர் வீடும், பள்ளிக்கூடமும், ஆஸ்பத்திரியும் போயின. திரை புதிதாக விழித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டது. ‘வீடு’ என்ற இடத்துக்கு வந்ததும் தம்பி எங்கள் தெருப் பெயரைத் தட்ட ஆரம்பித்தான். மகள் கையைப் பிடித்து நிறுத்தினாள். கதவு எண்ணுக்குப் பதிலாக, தெருமுனைப் பிள்ளையார் கோயிலைப் பதிந்தாள். “அங்கேருந்து நமக்கு வழி தெரியும்ல?” என்றாள்.